கோப்பும் காப்பும்



வரலாறு என்றவுடன் அரசர்களின் போர்களும் முடிசூட்டு விழாக்களுமே நம் நினைவுக்கு வருகின்றன. நாள்தோறும் நாம் கையாளும் சிறு பொருள்களுக்கும் வரலாறு உண்டு. பூட்டுக்கு உண்டு, முத்திரைக்கு உண்டு, கணிப்பொறியில் ஒரு கோப்பின்மேல் இடப்படும் ‘படிக்கலாம், திருத்தலாகாது’ என்னும் சிறு குறிக்கும் உண்டு. அக்குறி எவ்வாறு தோன்றியது, கட்டளை வரியில் ஒரே ஒரு வரியைத் தட்டி அதனை எவ்வாறு மாற்றுகின்றனர் என்பன பற்றியே இன்று உங்களோடு பேச எண்ணுகிறேன். முப்பத்தைந்து ஆண்டுகள் பள்ளியில் வரலாறு கற்பித்தவனுக்குக் கணிப்பொறியோடு என்ன உறவு என்று நீங்கள் கேட்கலாம். ஒரு மாணவனுக்கு நான் இழைத்த பிழையே என்னை இதன்பால் இழுத்தது. ஆதலின் அதனை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் ஊர் ஸ்ரீபெரும்புதூர். இராமாநுசர் அவதரித்த தலம் என்று நாடெங்கும் அறியப்பட்ட ஊர் அது. ஏரிப் பாசனமும் நெல் வயலுமாக இருந்த அந்தச் சுற்றுவட்டாரம் என் கண்ணெதிரிலேயே தொழிற்சாலைகளின் வட்டாரமாக மாறியது. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்கள் உருவாகத் தொடங்கின. 2006இல் நோக்கியாவின் கைப்பேசித் தொழிற்சாலை வந்தது. 2014இல் அது மூடப்பட்டது. 2007இல் டெல் நிறுவனம் இங்கே கணிப்பொறிகளை உருவாக்கத் தொடங்கியது. 2010இல் ஒரகடத்தில் ரெனால்ட் நிசான் தொழிற்சாலை எழுந்தது. கணிப்பொறி பிறக்கும் ஊரிலேயே வாழ்ந்தும் அதனைப் பற்றி ஒன்றும் அறியாதவனாக நான் இருந்தேன்.

2012ஆம் ஆண்டு. அரையாண்டுத் தேர்வு முடிந்த சமயம். மூன்றாண்டு மதிப்பெண் பட்டியல்கள் யாவும் ஒரு பென் டிரைவில் இருந்தன. கணிப்பொறியில் தேர்ந்தவன் என்று பெயர் பெற்ற பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவனை அழைத்து, கடைத்தெருவில் அச்செடுத்து வரும்படி அதனைக் கொடுத்தனுப்பினேன். திரும்பி வந்து செருகிப் பார்த்தபோது பட்டியல்கள் இருந்த கோப்புறைகளைக் காணோம். அவற்றின் பெயரைத் தாங்கிய சில குறுக்குவழிச் சின்னங்கள் மட்டுமே இருந்தன. “நான் அழிக்கவில்லை, ஐயா” என்று அவன் திரும்பத் திரும்பச் சொன்னான். நான் நம்பவில்லை. இரண்டு நாள்கள் அவனை வகுப்புக்கு வெளியே நிறுத்தினேன். தந்தையை அழைத்துவரச் சொன்னேன். தொழிற்சாலையில் ஒப்பந்தக் கூலியாக இருந்த அம்மனிதர் ஒரு நாள் கூலியை இழந்து என் மேசையின் முன்னே கைகட்டி நின்றார்.

மூன்றாம் நாள், ஒரகடத்துத் தொழிற்சாலை ஒன்றில் பணியாற்றும் என் பழைய மாணவர் ஒருவர் என்னைக் காண வந்தார். செய்தியைக் கேட்டவர், முதலில் பென் டிரைவில் எவ்வளவு இடம் நிரம்பியுள்ளது என்று பார்த்தார். ஏறத்தாழப் பாதி நிரம்பியிருந்தது. “காலிப் பெட்டிக்கு இவ்வளவு கனம் ஏது, ஐயா?” என்றார். பின்னர்க் கறுப்புத் திரை ஒன்றைத் திறந்து, ‘அட்ரிப்’ என்னும் கட்டளையோடு ‘கழித்தல் எச்’ என்று தட்டினார். மறைவுக் குறியை நீக்கு என்பது அதன் பொருள். இயந்திரம் மறுத்துவிட்டது. “இன்னொரு குறியும் சேர்ந்திருக்கிறது” என்று சொல்லி, ‘கழித்தல் எச்’, ‘கழித்தல் எஸ்’ என இரண்டையும் ஒன்றாகத் தட்டினார். அடுத்த நொடியில் மூன்றாண்டுப் பட்டியல்களும் இருந்த இடத்திலேயே தோன்றின. கடையின் கணிப்பொறியில் இருந்த ஒரு நச்சு நிரல் அவற்றை அழிக்கவில்லை. ‘மறைவு’, ‘அமைப்புக்கு உரியது’ என்னும் இரண்டு குறிகளை இட்டு ஒளித்துவைத்திருந்தது. மறுநாள் காலை இறைவணக்கக் கூட்டத்தில் எல்லா மாணவர்களின் முன்னிலையிலும் அச்சிறுவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் தலைகுனிந்து நின்றானே தவிர ஒன்றும் பேசவில்லை.

அன்று முதல் ஒரு வினா என்னை விடவில்லை. கோப்பில் ஓர் எழுத்தும் மாறாமல் அதனைக் கண்ணிலிருந்து அகற்றக்கூடிய இக்குறி எங்கே இருக்கிறது? இதனை இட்டவர் யார்? இதற்கு முன் வரலாறு உண்டா?

அஞ்சல் உறை ஒன்றை எண்ணிப் பாருங்கள். உள்ளே கடிதம் இருக்கிறது. மேலே ‘அந்தரங்கம்’ என்று எழுதப்பட்டிருக்கிறது. அச்சொல் கடிதத்தின் பகுதியன்று. கடிதத்தை யார் பிரிக்கலாம் என்பதைப் பற்றியது. கோப்பின் பண்புக் குறியும் அத்தகையதே. அது கோப்பின் உள்ளே எழுதப்படுவதில்லை. கோப்பைப் பற்றிய குறிப்பேட்டில், பெயருக்கும் அளவுக்கும் நாளுக்கும் பக்கத்தில் எழுதப்படுகிறது. பொருள் வேறு, பொருளின் மேலுள்ள காப்பு வேறு என்னும் இந்தப் பாகுபாடே நாம் நினைவிற்கொள்ள வேண்டியது.

சோழர் காலத்திலேயே கணிப்பொறி இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை, அஞ்ச வேண்டா. ஆனால் மேற்கூறிய பாகுபாட்டை நம் நாட்டு ஆவணங்களில் தெளிவாகக் காணலாம். கோயில் சுவரில் உள்ள கல்வெட்டுகள் பலவற்றின் இறுதியில் ‘பன்மாகேசுவர இரட்சை’ என்னும் தொடர் வரும். வைணவக் கோயில்களில் ‘ஸ்ரீவைஷ்ணவ இரட்சை’ என்று வரும். எவ்வளவு நிலம், எத்தனை விளக்கு, எத்தனை ஆடு என்னும் செய்தியெல்லாம் அதற்கு முன்னரே முடிந்துவிடும். கடைசித் தொடர் கொடையைக் கூறுவதன்று. அக்கொடை யாருடைய காப்பில் இருக்கிறது என்பதைக் கூறுவது.

திருவாலங்காட்டில் 1905இல் கிடைத்த இராசேந்திர சோழனின் செப்பேடுகளை எடுத்துக்கொள்வோம். அவை 31 ஏடுகள். ஒரு வளையத்தில் கோக்கப்பட்டு, அவ்வளையத்தின் முனைகள் அரச முத்திரையால் இணைக்கப்பட்டிருந்தன. ஏடுகளைப் புரட்டலாம், படிக்கலாம். ஆனால் வளையத்தை வெட்டாமல் ஓர் ஏட்டைச் சேர்க்கவோ நீக்கவோ இயலாது. படிக்கும் உரிமை ஒன்று, திருத்தும் உரிமை மற்றொன்று என்பதை அந்த வளையம் காட்டுகிறது.

எங்கள் காஞ்சிபுரம் மாவட்டத்தைச் சேர்ந்த உத்திரமேரூரில், முதலாம் பராந்தகன் காலத்து 921ஆம் ஆண்டுக் கல்வெட்டு இருக்கிறது. குடவோலை முறையை விரிவாகக் கூறுவது அது. குடத்திலிருந்து ஓலையை எடுப்பவன், உள்ளே என்ன இருக்கிறது என்று அறியாத சிறுவன். அவனிடமிருந்து ஓலையை வாங்கும் மத்தியஸ்தன் ஐந்து விரலும் அகல விரித்து உள்ளங்கையில் ஏற்க வேண்டும். அவன் வாசித்த ஓலையை அங்கிருக்கும் நம்பிமார் எல்லாரும் வாசிக்க வேண்டும். எடுப்பவனுக்கு வாசிக்கும் பணி இல்லை. வாசிப்பவனுக்கு எடுக்கும் பணி இல்லை. மாற்றி எழுதும் உரிமை எவருக்கும் இல்லை. ஓர் ஆவணத்தை யார் என்ன செய்யலாம் என்று பிரித்து வகுத்த இம்முறையைக் காண்கையில், பிற்காலக் கணிப்பொறி அறிஞர்களும் இதே சிக்கலைத்தான் எதிர்கொண்டனர் என்பது விளங்கும்.

இனி அவர்களிடம் வருவோம். தொடக்கத்தில் கணிப்பொறியை ஒரு நேரத்தில் ஒருவருடைய வேலையே ஆண்டது. ஆதலின் காப்பு என்னும் வினாவே எழவில்லை. 1961இல் அமெரிக்காவின் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பெர்னாண்டோ கோர்பாட்டோவும் அவருடைய குழுவினரும் ஒரே இயந்திரத்தைப் பலர் ஒருங்கே பயன்படுத்தும் நேரப் பகிர்வு முறையைச் செய்துகாட்டினர். அதன் சுருக்கப் பெயர் சிடிஎஸ்எஸ். தனி வீடு சத்திரமானது போன்ற மாறுதல் அது. சத்திரத்தில் அவரவர் மூட்டைக்குக் காப்பு வேண்டுமன்றோ? ஒவ்வொருவருக்கும் கடவுச்சொல் தரப்பட்டது.

1966இல் அங்கே ஒரு விந்தை நிகழ்ந்தது. நிர்வாகிகளில் ஒருவர் கடவுச்சொற் பட்டியலைத் திருத்திக்கொண்டிருந்தார். மற்றொருவர், இயந்திரத்தில் நுழைவோர் அனைவருக்கும் காட்டப்படும் அன்றாட அறிவிப்பைத் திருத்திக்கொண்டிருந்தார். ஒரு நேரத்தில் ஒருவர்தான் திருத்துவார் என்று எண்ணி, திருத்தி நிரலின் தற்காலிகக் கோப்புக்கு ஒரே பெயரை வைத்திருந்தனர். இரண்டும் இடம் மாறின. அன்று உள்ளே நுழைந்த ஒவ்வொருவரையும் எல்லாருடைய கடவுச்சொற்களும் வரவேற்றன! பலர் கூடும் இடத்தில் ஒருவரே இருப்பதாக எண்ணி விதி வகுத்தால் என்ன ஆகும் என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டியதில்லை.

அடுத்து, மாசாசூசெட்ஸ் கழகமும் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனமும் பெல் ஆய்வுக்கூடமும் சேர்ந்து மல்டிக்ஸ் என்னும் பெரிய அமைப்பை உருவாக்க முனைந்தன. 1969இல் பெல் ஆய்வுக்கூடம் அதிலிருந்து விலகியது. அங்கிருந்த கென் தாம்சன், டென்னிஸ் ரிச்சி ஆகியோர் அதே ஆண்டில் யூனிக்ஸ் என்னும் எளிய அமைப்பைத் தொடங்கினர். 1971 நவம்பர் 3ஆம் நாளிட்ட அதன் முதற் கையேட்டிலேயே ‘சிஎச்மாட்’ என்னும் கட்டளை இடம்பெற்றிருந்தது. ‘முறையை மாற்று’ என்னும் ஆங்கிலத் தொடரின் சுருக்கம் அது. அப்போது உரிமையாளர், பிறர் என்னும் இரு பிரிவே இருந்தன. சில ஆண்டுகளில் இடையே குழு என்னும் மூன்றாம் பிரிவு சேர்ந்தது.

இக்கட்டளையின் கணக்கு அழகானது. வாணிகரின் தராசில் ஒன்று, இரண்டு, நான்கு என மூன்று எடைக்கற்கள் இருப்பதாகக் கொள்ளுங்கள். அவற்றைக் கொண்டு ஒன்று முதல் ஏழு வரை எந்த எடையையும் நிறுக்கலாம். எந்த எடைக்கும் ஒரே சேர்க்கைதான் உண்டு. ஐந்து என்றால் நான்கும் ஒன்றுமேயன்றி வேறில்லை. யூனிக்ஸில் படித்தலுக்கு 4, எழுதுதலுக்கு 2, இயக்குதலுக்கு 1. உரிமையாளர், குழு, பிறர் என மூவருக்கும் ஒவ்வோர் இலக்கம். என் மதிப்பெண் பட்டியலுக்கு ‘சிஎச்மாட் 640’ என்று கட்டளையிட்டால், தலைமையாசிரியர் படிக்கவும் எழுதவும் செய்யலாம்; ஆசிரியர் குழுவினர் படிக்கலாம்; பிறருக்கு ஒன்றும் இல்லை. ஒரு பள்ளியின் நடைமுறை முழுவதும் மூன்று இலக்கங்களில் அடங்கிவிடுகிறது. இக்குறியை மாற்றும் உரிமையும் எல்லாருக்கும் இல்லை. கோப்பின் உரிமையாளருக்கும் தலைமை நிர்வாகிக்குமே உண்டு.

ஒரு சிக்கல் எழுந்தது. கடவுச்சொற் கோப்பில் எழுத நிர்வாகிக்கு மட்டுமே உரிமை என்றால், சாதாரணப் பயனர் தம் கடவுச்சொல்லை எங்ஙனம் மாற்றுவார்? இதற்கு டென்னிஸ் ரிச்சி மேலும் ஒரு குறியைக் கண்டார். அக்குறி உள்ள நிரலை எவர் இயக்கினாலும், அந்நிரல் ஓடும் அளவும் அதன் உரிமையாளருடைய அதிகாரத்தோடு ஓடும். தலைமையாசிரியரின் முத்திரையை ஒரு குறிப்பிட்ட சான்றிதழுக்கு மட்டும் எழுத்தர் பயன்படுத்துவது போன்றது இது. 1973இல் விண்ணப்பிக்கப்பட்டு, 1979இல் இதற்குக் காப்புரிமை வழங்கப்பட்டது.

இதற்கிடையே வரலாறு வேறொரு பாதையிலும் சென்றது. 1970களின் நடுவில் மேசைமேல் வைக்கத்தக்க சிறு கணிப்பொறிகள் வந்தன. சத்திரம் மீண்டும் தனி வீடானது. கேரி கில்டால் என்பார் உருவாக்கிய சிபிஎம் அமைப்பின் இரண்டாம் பதிப்பில், ‘படிக்க மட்டும்’, ‘அமைப்புக்கு உரியது’ என்னும் குறிகளை ஒரு கட்டளையால் இடலாம். 1981இல் ஐபிஎம் நிறுவனத்தின் தனியாள் கணிப்பொறியோடு வந்த டாஸ் அமைப்பில் மறைவுக் குறியும் அமைப்புக் குறியும் இருந்தன. 1983இல் வந்த இரண்டாம் பதிப்பில் ‘படிக்க மட்டும்’ என்னும் குறியும், கோப்பு மாறியிருக்கிறது, மறுபடி எடுத்து வைக்க வேண்டும் என்று உணர்த்தும் குறியும் சேர்ந்தன. 1984இல் மூன்றாம் பதிப்போடு ‘அட்ரிப்’ கட்டளை வந்தது. 1991இல் ஐந்தாம் பதிப்பு முதல், மறைவுக் குறியையும் அமைப்புக் குறியையும் அக்கட்டளையாலேயே மாற்ற முடிந்தது.

இங்கும் அதே எடைக்கல் கணக்குத்தான். படிக்க மட்டும் 1, மறைவு 2, அமைப்பு 4. எல்லாம் ஒரே பைட்டில் அடங்கும். ஆனால் ஒரு பெரிய வேறுபாட்டைக் கவனியுங்கள். யார் என்னும் வினா இங்கே இல்லை. உரிமையாளரும் இல்லை, குழுவும் இல்லை. வீட்டில் ஒருவரே இருக்கிறார். அவர் தம் கைத்தவறுதலிலிருந்து தம்மைக் காத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவே. ஆகவே எவர் விசைப்பலகையின் முன் அமர்ந்தாலும் குறியை இடலாம், எடுக்கலாம். யூனிக்ஸின் குறி பூட்டு. டாஸின் குறி திரைச்சீலை.

பிற்கால விண்டோஸ் அமைப்புகள் தம் உள்வட்டுகளில் உரிமையாளர் முறையை ஏற்றன. ஆயினும் கணிப்பொறிக்குக் கணிப்பொறி தாவும் பென் டிரைவ்களில் பழைய டாஸ் காலத்துக் கோப்பு முறையே நிலைத்தது. 2012இல் என் மேசைமேல் இருந்த பென் டிரைவில், முப்பது ஆண்டுகளுக்கு முன் தனி வீட்டுக்கென வகுத்த அதே ஒற்றை பைட்டு இருந்தது. அதுவோ பள்ளியிலிருந்து கடைக்கும் கடையிலிருந்து பள்ளிக்கும் அலைந்தது. திரைச்சீலையை யார் வேண்டுமானாலும் இழுத்துவிடலாம். நச்சு நிரலும் இழுத்துவிட்டது. 1966இன் விந்தை எதனால் நேர்ந்ததோ, அதே காரணத்தால்தான் என் பள்ளியிலும் நேர்ந்தது. ஒருவருக்கென வகுத்த விதியைப் பலர் நடுவே வைத்தோம். அதற்கு ஒரு சிறுவன் வெளியே நின்றான்.

இன்னொரு குறியையும் சொல்லவேண்டும். தலைமை நிர்வாகி எல்லாக் காப்பையும் கடக்க வல்லவர் என்றால், அவருடைய கைத்தவறுதலை யார் தடுப்பது? 1990களின் தொடக்கத்தில் இதற்கு விடை வந்தது. பெர்க்லி பல்கலைக்கழகத்தின் யூனிக்ஸ் வகையிலும், லினக்ஸின் கோப்பு முறையிலும் ‘மாறாநிலை’ என்னும் குறி சேர்க்கப்பட்டது. லினக்ஸில் ‘சிஎச்அட்டர்’ என்னும் கட்டளையோடு ‘கூட்டல் ஐ’ என்று தட்டினால், அக்கோப்பை நிர்வாகியே ஆயினும் திருத்தவோ அழிக்கவோ பெயர் மாற்றவோ இயலாது. முதலில் ‘கழித்தல் ஐ’ என்று சொல்லி அக்குறியை நீக்கிய பின்னரே தொடமுடியும். அறிந்து, ஒரு படி கூடுதலாக எடுத்துவைத்தே செய்யவேண்டும் என்பது அதன் கருத்து. ‘சந்திராதித்தர் உள்ளவரை’ என்று கல்லில் வெட்டிய அரசனும் தன் கையைத் தானே கட்டிக்கொண்டவன் அல்லனோ?

மாணவர்களே! 2011 முதல் தமிழக அரசு பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினிகளை வழங்கியது. அவற்றுள் பலவற்றில் விண்டோஸோடு, சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. இரண்டு மரபுகளும் ஒரே பெட்டியில் உங்கள் கைக்கு வந்தன. அவற்றைப் பழகுங்கள். ஆனால் மாற்றுமுன் பாருங்கள். ‘அட்ரிப்’ என்று மட்டும் தட்டினால் இருக்கும் குறிகளைக் காட்டும். லினக்ஸில் ‘எல்எஸ் கழித்தல் எல்’ காட்டும். எது ஓடவில்லையோ அதற்கெல்லாம் ‘777’ என்று எல்லா உரிமையையும் எல்லாருக்கும் கொடுத்துவிடுவது, சாவி சேரவில்லை என்று கதவையே பெயர்த்து எடுப்பதற்கு ஒப்பாகும். மறைத்துவைத்த கோப்பு காக்கப்பட்ட கோப்பு என்று எண்ணாதீர்கள். அவ்வாறே, காணாமற்போன கோப்பு அழிந்துபோன கோப்பு என்றும் எண்ணாதீர்கள்.

எங்கள் ஊரில் பிறந்த இராமாநுசர் திருக்கோட்டியூரில், மறைபொருளாகக் காக்கப்பட்ட மந்திரப் பொருளை எல்லாரும் அறியச் சொன்னார் என்று வைணவ மரபு கூறுகிறது. எதை மறைப்பது, எதைத் திறப்பது, யாருக்குத் திறப்பது என்பது கட்டளை வரி நமக்குச் சொல்லித்தரும் செய்தியன்று. கட்டளை குறியை மாற்றும். முடிவு செய்வது மனிதனே. அம்முடிவைச் செய்யுமுன், கண்ணுக்குப் புலப்படாததை இல்லை என்று தீர்த்துவிடாமல், என் பழைய மாணவர் செய்தது போலப் பெட்டியின் கனத்தைத் தூக்கிப் பார்க்கவேண்டும். நான் தூக்கிப் பார்க்கவில்லை. அன்று என் முன்னே கைகட்டி நின்ற அந்தத் தந்தையின் ஒரு நாள் கூலியை எந்தக் கட்டளையாலும் நான் திருப்பித் தர இயலவில்லை.